சுயராஜ்யம் யாருக்கு என்று கேட்டவர்

தை மாதம் 5-ஆம் தேதி மணலூர்பேட்டைக்குப் போனவர்களுக்குத் தெரியும். அன்று தென்பெண்ணை ஆற்றில் மணல் தெரியாது. மனிதத் தலைகள்தான் தெரியும். திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையார் தீர்த்தவாரிக்காக அங்கே எழுந்தருளுகிறார். சுற்று வட்டாரக் கிராமங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக ஜனங்கள் வந்து குவிகிறார்கள். தாத்தாவின் தோளில் பேரன். பேத்தியின் கையில் பலூன். பாட்டியின் முந்தானையில் முடிந்து வைத்த சில்லறை. அந்தப் பக்கத்து ஜனங்களுக்குப் பொங்கல் அன்றைக்குத்தான் முடிகிறது.

அந்தக் கூட்டத்தைச் சற்று ஓரமாக நின்று பாருங்கள். உழுகிறவர்கள், நாற்று நடுகிறவர்கள், கரும்பு வெட்டுகிறவர்கள், மல்லாட்டை பிடுங்குகிறவர்கள், மூட்டை சுமக்கிறவர்கள். ஆண்டு முழுவதும் உழைத்துவிட்டு ஒரு நாள் ஆற்று மணலில் உட்கார வந்தவர்கள் அவர்கள்.

மேற்கே திரும்பினால் தொலைவில் கல்வராயன் மலை இருக்கிறது. 1947-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் தேதி நம் தேசம் விடுதலை அடைந்தது. ஊரெல்லாம் கொடி ஏற்றி மிட்டாய் கொடுத்தார்கள். ஆனால் அந்த மலைக் கிராமங்கள் அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் மூன்று ஜாகீர்தார்களின் கையில் இருந்தன. அவை முழுமையாக அரசின் நேர் நிர்வாகத்துக்கு வந்தது 1976-ஆம் ஆண்டில்தான். டெல்லியில் சுயராஜ்யம் வந்து 29 ஆண்டுகள் ஆன பிறகு!

அப்படியானால் சுயராஜ்யம் என்பது யாருக்கு வந்தது? இந்தக் கேள்வியை, சுயராஜ்யம் வருவதற்கு கால் நூற்றாண்டு முன்பே ஒருவர் சென்னைக் கடற்கரையில் நின்று கேட்டார். மணலூர்பேட்டையைத் தொட்டு ஓடும் தென்பெண்ணை கடலூருக்கு அருகே வங்கக் கடலில் கலக்கிறதல்லவா? அதே கடலின் கரையில், வடக்கே, ஒரு மீனவக் குப்பத்தில் பிறந்தவர் அவர். பெயர் சிங்காரவேலு. அந்தக் காலத்துப் பத்திரிகைகள் சிங்காரவேலு செட்டியார் என்று எழுதின. இன்று சிங்காரவேலர் என்று சொல்கிறோம். தென்னிந்தியாவின் முதல் கம்யூனிஸ்டு அவர்தான்.

குப்பத்தில் பிறந்த பிள்ளை

சென்னையில் திருவல்லிக்கேணிக்கு அருகே, கடலை ஒட்டி அயோத்தியாகுப்பம் என்று ஓர் இடம் உண்டு. அங்கே 1860-ஆம் ஆண்டு பிப்ரவரி 18-ஆம் தேதி சிங்காரவேலர் பிறந்தார். தந்தை வெங்கடாசலம், தாய் வள்ளியம்மை.

மீனவர் வீட்டுப் பிள்ளை பள்ளிக்கூடம் போவது அந்த நாளில் அபூர்வம். கட்டுமரம் ஏறத் தெரிந்தால் போதும் என்று நினைத்த காலம். சிங்காரவேலரின் பெற்றோர் அப்படி நினைக்கவில்லை. பையன் படித்தான். 1881-ல் மெட்ரிகுலேஷன் தேறினான். அப்போது வயது 21. பிறகு கிறிஸ்துவக் கல்லூரி; பிறகு பிரசிடென்சி கல்லூரியில் பி.ஏ. அதற்கும் பிறகு சட்டப் படிப்பு. பி.எல். பட்டம் பெற்று அவர் வக்கீலாகப் பதிவு செய்துகொண்டது 1907-ஆம் ஆண்டில். கணக்குப் போட்டுப் பாருங்கள்: வயது 47! பிள்ளைகள் கல்யாணத்துக்கு நிற்கும் வயதில் இவர் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தார். வயது ஆகிவிட்டது, இனி எங்கே எழுத்துக் கூட்டுவது என்று தயங்குகிறவர்கள் இந்த ஒரு விஷயத்தை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டாலும் போதும்.

1889-ல் அங்கம்மாள் என்பவரைக் கல்யாணம் செய்துகொண்டார். சாதி விட்டுச் சாதி செய்துகொண்ட கல்யாணம் அது. 1889-ல் இதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. கமலா என்று ஒரு மகள் பிறந்தாள்.

புத்தரிடம் போனார்

வாலிப வயதில் அவரை முதலில் இழுத்தது புத்தரின் போதனை. மனிதரில் உயர்வு தாழ்வு இல்லை என்ற சொல் குப்பத்துப் பிள்ளையின் காதில் இனிமையாக விழுந்திருக்க வேண்டும். சென்னையில் மகாபோதி சங்கத்தின் கூட்டங்கள் அவர் வீட்டில் நடந்தன. அயோத்திதாசப் பண்டிதர், பேராசிரியர் லட்சுமி நரசு போன்றவர்கள் சென்னையில் பௌத்தம் பேசி வந்த காலம் அது. பௌத்தத்திலும் சிங்காரவேலருக்குப் பிடித்தது பூஜையும் புனஸ்காரமும் அல்ல. எதையும் ஆராய்ந்து பார்த்து ஏற்றுக்கொள் என்ற பகுதிதான்.

அந்தக் கூட்டங்களில் அவர் புத்தரோடு டார்வினையும் சேர்த்துப் பேசினார். உயிர்கள் கோடிக்கணக்கான ஆண்டுகளில் படிப்படியாக மாறி வந்தன என்ற கொள்கையைச் சென்னை இளைஞர்களுக்குத் தமிழில் எடுத்துச் சொன்னவர் அவர். பின்னாளில் தமிழ்த் தென்றல் என்று பெயர் பெற்ற திரு.வி.க.வும் அந்த இளைஞர்களில் ஒருவர்.

1902-ல் அரிசி வியாபாரம் சம்பந்தமாக லண்டன் போனார். உலகின் செல்வமெல்லாம் வந்து குவிந்த ஊர் அது. அந்த ஊரிலேயே பசித்த வயிறுகளும் இருந்தன.

லண்டன் என்றதும் இன்னொரு மனிதரைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அவரைப் பற்றிச் சொல்லாமல் சிங்காரவேலர் கதையை மேலே கொண்டு போக முடியாது.

தாடிக்காரர் சொன்ன கணக்கு

கார்ல் மார்க்ஸ் 1818-ல் ஜெர்மனியில் ட்ரியர் என்ற ஊரில் பிறந்தவர். எழுதிய எழுத்துக்காக ஊர் ஊராகத் துரத்தப்பட்டார். 1849-ல் லண்டன் வந்து சேர்ந்தார். கடன், வியாதி, குழந்தைகள் அடுத்தடுத்து இறந்த துயரம். இத்தனைக்கும் நடுவில் பிரிட்டிஷ் மியூசியம் நூல் நிலையத்தில் உட்கார்ந்து ஆண்டுக்கணக்காகப் படித்தார். அவருக்குப் பணம் அனுப்பிக் காப்பாற்றியவர் நண்பர் எங்கல்ஸ். அந்த எங்கல்ஸின் குடும்பத்துக்கு மான்செஸ்டரில் பஞ்சாலை இருந்தது. முதலாளி வீட்டுப் பிள்ளையின் பணத்தில் முதலாளிகளை எதிர்க்கும் புத்தகம் எழுதப்பட்டது! உலகத்தில் இப்படியும் வேடிக்கை உண்டு. 1867-ல் மூலதனம் என்ற பெரிய நூலின் முதல் பாகம் வெளிவந்தது. 1883-ல் மார்க்ஸ் இறந்தார்.

அவர் சொன்னது என்ன? புத்தகம் பெரியது. ஆனால் அதன் நடுவே உள்ள கணக்கு சின்னதுதான். ஒரு மில் தொழிலாளி காலை முதல் மாலை வரை தறி ஓட்டுகிறான். மத்தியானத்துக்குள் அவன் நெய்த துணியிலேயே அவனுடைய அன்றைய கூலிக்கு ஈடான மதிப்பு வந்துவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மத்தியானத்துக்கு மேல் நெய்த துணி? அதற்கு அவனுக்குக் கூலி இல்லை. அது முதலாளியின் பெட்டிக்குப் போகிறது. மார்க்ஸ் அதற்கு உபரி மதிப்பு என்று பெயர் வைத்தார். வாரத்துக்குப் பயிர் வைத்த குடியானவனுக்கு இதை விளக்கவே வேண்டாம். களத்துமேட்டில் மரக்கால் ஏறி இறங்குவதை அவன் பார்த்திருக்கிறான்.

நிலமும் ஆலையும் சிலரிடம் இருக்கும்வரை இந்தக் கணக்கு மாறாது. உழைக்கிறவர்கள் எல்லோருக்கும் அவை பொதுவாக வேண்டும். இதுதான் மார்க்ஸ் கண்ட முடிவு.

1917 நவம்பரில் ரஷ்யாவில் லெனின் தலைமையில் புரட்சி நடந்தது. சக்கரவர்த்தியின் ஆட்சி அதே ஆண்டின் தொடக்கத்திலேயே போயிருந்தது. இப்போது தொழிலாளர் பெயரில் ஓர் அரசே ஏற்பட்டது. அந்தச் செய்தி கடல் தாண்டிச் சென்னைக்கும் வந்தது. சிங்காரவேலருக்கு அப்போது வயது 57. அவர் புத்தகங்களைத் தேடித் தேடி வாங்கினார். அவருடைய வீட்டு நூல் நிலையத்தில் ஆயிரக்கணக்கான புத்தகங்கள் இருந்தன.

அங்கியைத் துறந்தார்

சென்னையில் அப்போது பக்கிங்காம் மில், கர்நாடிக் மில் என்று இரண்டு பெரிய பஞ்சாலைகள் இருந்தன. 1918-ல் திரு.வி.க., வாடியா, செல்வபதி செட்டியார், ராமாஞ்சுலு நாயுடு ஆகியோர் சேர்ந்து சென்னைத் தொழிலாளர் சங்கத்தை அமைத்தார்கள். இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் அது. 1921-ல் அந்த மில்களில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. மாதக்கணக்கில் நீண்டது. போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் போயின. புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. தொழிலாளிகளிலேயே ஒரு பகுதியாரை இன்னொரு பகுதியார்மேல் மோதவிட்டுச் சங்கத்தின் பலத்தை உடைத்தார்கள். சாதி என்ற கோடரிக்கு மில் கதவும் தப்பவில்லை. சிங்காரவேலர் இந்த வேலைநிறுத்தத்தில் தொழிலாளர் பக்கம் நின்றார்.

அதே ஆண்டில்தான் காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்கம் நாடெங்கும் பரவியது. வக்கீல்கள் கோர்ட்டைப் புறக்கணிக்க வேண்டும் என்றார் காந்தியடிகள். சிங்காரவேலர் தயங்கவில்லை. 1921-ல் பொதுக்கூட்டத்தில் தம் வக்கீல் அங்கியைத் துறந்தார். 47 வயதுவரை படித்துச் சம்பாதித்த அங்கி. 14 ஆண்டுகள்கூடப் போட்டு அனுபவிக்கவில்லை.

1922 ஜனவரியில் இங்கிலாந்து இளவரசர் சென்னைக்கு வந்தபோது கடையடைப்பு நடத்தி எதிர்ப்புக் காட்டியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு.

ஆனால் அவர் காந்தியடிகளின் பின்னால் தலையாட்டிக்கொண்டு போகவில்லை. காந்தியடிகளுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். வெள்ளைக்காரன் போனால் மட்டும் போதாது. நிலமும் ஆலையும் ஜனங்களுக்குப் பொதுவாகாவிட்டால் ஏழைக்கு அந்தச் சுயராஜ்யத்தால் பயன் இல்லை என்பது அவர் வாதம். துரை போன நாற்காலியில் நம்மவர் உட்கார்ந்தால் நாற்காலிக்குக் கீழே இருப்பவனுக்கு என்ன லாபம்?

1922 டிசம்பரில் கயாவில் காங்கிரஸ் மகாசபை கூடியது. சித்தரஞ்சன் தாஸ் தலைமை. மேடையில் 62 வயதுத் தமிழர் ஒருவர் ஏறினார். தாம் ஒரு கம்யூனிஸ்டு என்று அத்தனை பேர் முன்னிலையில் சொன்னார். பூரண சுதந்திரம் வேண்டும் என்றார். தொழிலாளரையும் குடியானவரையும் சேர்த்துக்கொள்ளாமல் விடுதலை வராது என்றார். அதே பேச்சில், உலகத்துக் கம்யூனிஸ்டுகளிலிருந்து தாம் ஒரு விஷயத்தில் மாறுபடுவதாகவும் சொன்னார். அது அகிம்சை. பலாத்காரம் இல்லாமலே இந்தியா இதைச் சாதிக்க முடியும் என்று அவர் நம்பினார். கம்யூனிஸ்டு என்ற சொல்லை உச்சரித்தாலே சிறைக் கதவு திறக்கும் காலம் அது. வெளிநாட்டில் இருந்த எம்.என். ராயிடமிருந்து வரும் கடிதங்களைச் சர்க்கார் வழியில் பிரித்துப் படித்துக்கொண்டிருந்தது.

1923 மே முதல் நாள்

இப்போது மே மாதம் முதல் தேதி என்றால் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும், விடுமுறை. இந்தியாவில் முதன்முதலாக மே தினம் கொண்டாடியவர் சிங்காரவேலர். 1923 மே 1-ஆம் தேதி சென்னைக் கடற்கரையில் இரண்டு இடங்களில் கூட்டம் நடந்தது. ஒன்று ஹைகோர்ட்டுக்கு எதிரே. மற்றொன்று திருவல்லிக்கேணிக் கடற்கரையில். சுப்பிரமணிய சிவாவும் இதில் கலந்துகொண்டார். தொழுநோயால் உடல் நலிந்திருந்த அந்தத் தியாகி வந்து நின்றதை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

அன்று செங்கொடி ஏற்றப்பட்டது. கொடிக்குச் சிவப்புத் துணி கிடைக்கவில்லை என்றும், மகளின் சிவப்புப் புடவையைக் கிழித்துக் கொடி செய்தார் என்றும் ஒரு கதை வழங்குகிறது. கண்ணால் பார்த்தவர்கள் யாரும் இப்போது இல்லை. ஆனால் கதையைக் கேட்டவர்கள் மறப்பதில்லை.

அன்றே ஒரு கட்சியும் பிறந்தது. இந்துஸ்தான் தொழிலாளர், விவசாயிகள் கட்சி என்று பெயர். இந்தப் பெயரைச் சற்றுக் கவனியுங்கள். பட்டணத்தில் மில் சங்கொலி கேட்டு வளர்ந்த கட்சிதான். ஆனாலும் பெயரில் பாதியைக் கிராமத்துக் குடியானவனுக்கு எழுதி வைத்தார். தொழிலாளிகள்தான் புரட்சியின் தலைமகன் என்று ஐரோப்பாவில் பலர் நம்பிய காலத்தில், இந்தியாவில் உழவனை விட்டுவிட்டு எதுவும் நடக்காது என்று அவர் கண்டுகொண்டார். தொழிலாளன் என்று தமிழில் ஒரு வார இதழும், இங்கிலீஷில் ஒரு பத்திரிகையும் நடத்தினார்.

கான்பூரில் தலைவர்

சர்க்கார் சும்மா இருக்குமா? 1924-ல் கான்பூர் போல்ஷ்விக் சதி வழக்கு என்று ஒன்றைத் தொடுத்தது. எம்.என். ராய், டாங்கே, முஸாபர் அகமது, சௌகத் உஸ்மானி ஆகியோரோடு சிங்காரவேலரும் எதிரியாகச் சேர்க்கப்பட்டார். அவர் அப்போது கடும் காய்ச்சலில் படுத்த படுக்கை. கான்பூருக்குக் கொண்டு போக முடியவில்லை. ஜாமீனில் விட்டார்கள், பிறகு அவர்மேல் வழக்கு நடக்கவில்லை. டாங்கே, முஸாபர் அகமது, உஸ்மானி ஆகியோருக்கு நாலு நாலு ஆண்டு சிறை கிடைத்தது.

எந்த ஊரில் வழக்குப் போட்டார்களோ அதே ஊரில் அடுத்த ஆண்டு முடிவில், 1925 டிசம்பர் 26-ஆம் தேதியை ஒட்டி, இந்தியக் கம்யூனிஸ்டுகளின் முதல் மாநாடு கூடியது. தலைமை வகித்தவர் சிங்காரவேலர். கம்யூனிஸ்டு கட்சியின் பிறந்த நாளாக அதைக் கொண்டாடுகிறவர்கள் உண்டு. அதற்கு ஐந்து ஆண்டு முன்பே, 1920-ல் தாஷ்கண்டில் ராய் கூட்டிய கூட்டமே பிறப்பு என்று கொண்டாடுகிறவர்களும் உண்டு. ஒரே குழந்தைக்கு இரண்டு ஜாதகம்!

மார்க்ஸின் பேரைச் சொன்னவர்கள் உலகத்தில் எங்குமே ஒரே குரலில் பேசவில்லை. ஜெர்மனியில் பெர்ன்ஸ்டைன், ஓட்டுப் போட்டுச் சட்டம் செய்தே சிறிது சிறிதாகச் சமதர்மத்துக்குப் போகலாம் என்றார். அதே நாட்டில் ரோசா லக்சம்பர்க் என்ற பெண்மணி அதை வன்மையாக மறுத்தார். 1919-ல் பெர்லினில் கொல்லப்பட்டார். கட்டுப்பாடான ஒரு கட்சி முன்னே நின்று நடத்த வேண்டும் என்பது லெனின் வழி. இத்தாலியில் கிராம்சி சிறைக்குள் இருந்தபடி, ஜனங்களின் மனத்தை யார் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்பதை ஆராய்ந்தார். சீனாவில் மாவோ குடியானவர்களையே படையாக்கினார். ரஷ்யாவிலிருந்து விரட்டப்பட்ட டிராட்ஸ்கியின் கொள்கை, பக்கத்து இலங்கையில் 1935-ல் தோன்றிய சமசமாஜக் கட்சியில் வேர் பிடித்தது. ஒரு விதையிலிருந்து இத்தனை கிளை.

கான்பூரிலும் அந்தச் சர்ச்சை வந்தது. இந்தியக் கட்சி தனியாக இருக்க வேண்டுமா, மாஸ்கோவில் இருந்த அகிலத்தோடு சேர வேண்டுமா? தலைமை உரையில் சிங்காரவேலர் ஒரு கோடு கிழித்தார். கம்யூனிசம் வேறு, போல்ஷ்விசம் வேறு. ரஷ்யர்கள் தங்கள் நாட்டுக்கு ஏற்ற வழியில் போனார்கள். நாம் அதை அப்படியே காப்பி அடிக்கத் தேவையில்லை என்பது அவர் கருத்து. இதனால் அவரை மிதவாதி என்று ஒதுக்கியவர்களும் பிற்காலத்தில் உண்டு. மிதவாதிக்குப் பிற்பாடு கிடைத்த தண்டனை என்ன என்பதைப் பார்த்துவிட்டுப் பேசலாம்.

68 வயதில் பத்து ஆண்டு

1928-ல் தென்னிந்திய ரயில்வேயில் நெருப்புப் பற்றியது. அப்போது அது வெள்ளைக்காரர் கம்பெனி. நாகப்பட்டினம், போத்தனூர் முதலிய இடங்களிலிருந்த ஒர்க்‌ஷாப்புகளை ஒன்றாக்கித் திருச்சிக்கு அருகே பொன்மலையில் வைக்கக் கம்பெனி தீர்மானித்தது. அதோடு ஆயிரக்கணக்கான தொழிலாளிகளை வீட்டுக்கு அனுப்பவும் திட்டமிட்டது. ஓர் ஒர்க்‌ஷாப் ஊரை விட்டுப் போனால் தொழிலாளி மட்டுமா போகிறான்? டீக்கடை, மளிகைக்கடை, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் எல்லாம் ஆட்டம் காணும்.

ஜூலை மாதம் 19-ஆம் தேதி நள்ளிரவு வேலைநிறுத்தம் தொடங்கியது. ரயில்கள் நின்றன. தண்டவாளத்தில் ஜனங்கள் வந்து உட்கார்ந்தார்கள். சில இடங்களில் துப்பாக்கிச் சூடு நடந்தது. சிங்காரவேலர், முகுந்தலால் சர்க்கார் முதலிய தலைவர்களைப் போலீஸ் பிடித்துப் போனது. தலைவர்கள் இல்லாத நிலையில் மாதக் கடைசியில் வேலைநிறுத்தம் கைவிடப்பட்டது. வேலை போனவர்கள் போனவர்கள்தான்.

சதி வழக்கு நடந்தது. சிங்காரவேலருக்குத் தண்டனை பத்து ஆண்டு! 68 வயதுக் கிழவருக்குப் பத்து ஆண்டு என்றால் என்ன அர்த்தம்? உயிரோடு வெளியே வர வேண்டாம் என்று அர்த்தம். அப்பீலில் அது 18 மாதமாகக் குறைந்தது. 1930-ல் விடுதலையானார். வயது 70. உடல் தளர்ந்திருந்தது. இத்தோடு எந்த மனிதரும் போதும் என்று சாய்வு நாற்காலியைத் தேடியிருப்பார்.

சிங்காரவேலர் பேனாவைத் தேடினார். என்னைக் கேட்டால், அவர் வாழ்க்கையில் மிகவும் அதிசயமான பகுதி இங்கேதான் ஆரம்பிக்கிறது. கடற்கரைக் கொடியையும் கான்பூர் மாநாட்டையும் எல்லோரும் சொல்கிறார்கள். இதைச் சொல்கிறவர்கள் குறைவு.

ஈரோட்டுக்குப் பேனா

ஈரோட்டில் பெரியார் ஈ.வெ.ரா. நடத்திய குடி அரசு அப்போது தமிழ்நாட்டு மூலை முடுக்கெல்லாம் போய்க்கொண்டிருந்தது. 1931-ல் மார்க்ஸும் எங்கல்ஸும் எழுதிய கம்யூனிஸ்டு அறிக்கையின் ஒரு பகுதி அதில் தமிழில் வெளிவந்தது. அதே பத்திரிகையில் சிங்காரவேலர் எழுதத் தொடங்கினார்.

எதைப் பற்றி எழுதினார்? வர்க்கப் போர் மட்டும் என்று நினைக்காதீர்கள். சூரியன் எப்படி எரிகிறது, பூமி எப்படி உண்டானது, நோய் எதனால் வருகிறது, பேய் பிசாசு என்பது உண்மையா, சகுனம் பலிக்குமா, டார்வின் என்ன சொன்னார் என்று எழுதினார். பிரபஞ்சம் பற்றியும் விஞ்ஞானத்தின் அவசியம் பற்றியும் எழுதினார். அப்போது தமிழில் விஞ்ஞானம் எழுதச் சரியான சொற்களே பலவற்றுக்கு இல்லை. கல்லூரியிலும் பாடம் இங்கிலீஷில்தான். 70 வயதைத் தாண்டியவர், பாரிச வாயு தாக்கிய உடம்போடு, புதிதாக எழுத்துக் கூட்டிப் படிக்கிறவனுக்காக விஞ்ஞானத்தைத் தமிழில் சொன்னார்.

காரணம் இருந்தது. சாதி பேதத்தால் மில் வேலைநிறுத்தம் உடைந்ததை அவர் 1921-ல் கண்ணால் பார்த்தவர். விதி என்று நம்புகிறவன் கூலி உயர்வு கேட்க மாட்டான். தன் பிறப்பே தாழ்வு என்று நம்புகிறவன் நிலம் கேட்க மாட்டான். முதலில் மூளையில் உள்ள விலங்கு உடைய வேண்டும் என்பது அவர் முடிவு. மார்க்ஸியவாதிகளில் பலர் முதலில் வயிறு, பிறகு மூளை என்றார்கள். சுயமரியாதைக்காரர்களில் பலர் முதலில் சாதி, பிறகு கூலி என்றார்கள். சிங்காரவேலர் இரண்டையும் ஒரே கயிற்றில் கட்ட முயன்றார்.

1932 நவம்பரில் பெரியார் ரஷ்யா முதலிய நாடுகளைச் சுற்றிவிட்டுத் திரும்பினார். டிசம்பர் 28, 29 தேதிகளில் ஈரோட்டில் கூட்டம். சிங்காரவேலர் தயாரித்த சமதர்மத் திட்டம் அங்கே முன்வைக்கப்பட்டது. ஈரோட்டுத் திட்டம் என்று அதற்குப் பெயர் வந்தது. நிலமும் ரயிலும் பாங்கியும் பொதுச் சொத்தாக வேண்டும், குடியானவர் கடன் ரத்தாக வேண்டும் என்ற கோரிக்கைகளோடு சாதி ஒழிப்பும் கைகோத்து நின்றது. 1933 டிசம்பர் 31-ஆம் தேதி சென்னையில் நாத்திகர் மாநாடும் அவர் தலைமையில் நடந்தது.

ஈரோட்டுத் திட்டம் நீடிக்கவில்லை. குடி அரசில் வந்த தலையங்கத்துக்காகப் பெரியார் சிறை சென்றார். 1934-ல் கம்யூனிஸ்டு கட்சியைச் சர்க்கார் தடை செய்தது. இயக்கத்தையே அழித்துவிடுவார்கள் என்று எண்ணிய பெரியார், பொதுவுடைமைப் பிரசாரத்தை நிறுத்திச் சமூகச் சீர்திருத்தத்தோடு நின்றார். இயக்கம் பிழைத்தால்தானே மற்றதெல்லாம் என்பது அவர் பக்கத்து நியாயம். ஜீவானந்தம் போன்ற இளைஞர்கள் அதை ஏற்காமல் பிரிந்தார்கள். சிங்காரவேலரும் விலகினார். 1935-ல் புது உலகம் என்று ஒரு மாத இதழைத் தாமே தொடங்கினார். வயது 75. ஒரு வீட்டை விட்டு வெளியேறும்போதெல்லாம் அவர் கையில் புதுப் பத்திரிகை ஒன்று முளைத்தது.

பௌத்தம், காங்கிரஸ், கம்யூனிஸ்டு கட்சி, சுயமரியாதை இயக்கம் என்று நாலு வீட்டு வாசலையும் மிதித்தவர் அவர். நிலையில்லாதவர் என்று சிலர் சொன்னதுண்டு. அவர் மாற்றியது வீட்டைத்தான். கையில் கொண்டு போன மூட்டை ஒன்றுதான். நாலு வீட்டிலும் அவர் அதை அவிழ்த்துக் காட்டியபோது, நாலு வீட்டாருக்கும் அதில் ஏதாவது ஒன்று பிடிக்காமல் போயிற்று.

கடைசிக் கூட்டம்

முதுமையில் அவர் வெளியே போவது குறைந்தது. புத்தகங்களே துணை. 1945-ல் சென்னையில் அச்சுத் தொழிலாளர் மாநாடு நடந்தது. 85 வயதில், நடக்க முடியாத நிலையிலும் அங்கே வந்து பேசினார். அச்சுக்கோக்கிறவர்கள் முன்னால் அவர் நின்றது பொருத்தம்தான். அவருடைய தொழிலாளன் முதல் புது உலகம்வரை எல்லா எழுத்தையும் ஒவ்வொரு ஈய எழுத்தாகப் பொறுக்கி வைத்தவை அவர்களைப் போன்றவர்களின் கைகள்தானே?

1946 பிப்ரவரி 11-ஆம் தேதி சிங்காரவேலர் காலமானார். இன்னும் ஒரு வாரம் இருந்திருந்தால் 86 வயது நிறைந்திருக்கும். சுயராஜ்யத்துக்கு இன்னும் ஒன்றரை ஆண்டு இருந்தது.

அவர் அத்தனை ஆண்டுகள் சேர்த்த நூல்கள் ஓரிடத்தில் தங்கவில்லை, சிதறிப் போயின. 2006-ல் இந்தியத் தபால் துறை அவர் படம் போட்ட தபால் தலையை வெளியிட்டது. சென்னை ராஜாஜி சாலையில் உள்ள கலெக்டர் ஆபீஸ் கட்டடத்துக்குச் சிங்காரவேலர் மாளிகை என்று பெயர். வீட்டு மனைப் பட்டா வேண்டியும், முதியோர் பென்ஷன் வேண்டியும் மனுவைக் கையில் பிடித்துக்கொண்டு ஜனங்கள் அதன் படி ஏறுகிறார்கள். குப்பத்திலிருந்து வருகிறவர்களும் அவர்களில் உண்டு.